நிற்கிற வண்டிக்கு ஃபுல் டேங்க்

1

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டேவ் என்பவரிடம் ஒரு சிவப்புக் கார் உண்டு. கூரையை மடித்துவிட்டு வெயிலில் ஓட்டுகிற ரகம். கனடாவில் வெயில் எவ்வளவு நாள் அடிக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அந்தக் கொஞ்ச நாளுக்கென்று தனியாக ஒரு கார். இலை கொட்டத் தொடங்கியதும் மனிதர் அதைக் குளிப்பாட்டித் துடைத்து, கொட்டகையில் விட்டு, துணி போர்த்தி, பனி உருகுகிறவரை தூங்கப் போட்டுவிடுவார். இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவர் கார், அவர் கொட்டகை. எனக்கு அதில் ஒரு வழக்கும் இல்லை. ஆனால் போன ஐப்பசியில் அவர் அந்தக் காரைத் தூங்க வைத்ததில் எங்கள் வீட்டில் தூக்கம் போய்விட்டது. வருகிற மாசியோடு அப்பா இங்கே வந்து ஒரு வருஷம் முடிகிறது. அதற்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். சொல்ல வாய் வராததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் என்னைத் திட்டலாம். திட்டுகிறவர்கள் எங்கள் அப்பாவை ஒரு மாசம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

2

எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கோவிந்தராசு டிராக்டர் டிரைவர். டிராக்டர் அவருடையது இல்லை, பெரிய வீட்டுக்காரர்களுடையது. அதற்கு முன்னால் அதே வயலில் ஏர் ஓட்டினார். அம்மா அங்கேதான் நடவு நட்டாள். நான் படித்து நர்ஸ் ஆனேன், கனடாவுக்கு வந்தேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன், யாழினியைப் பெற்றேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு வெள்ளைக் கார் வாங்கிக் கொடுத்தேன். 'மெத்தை வீடு கட்டாம காரை வாங்குது பாரு' என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவுக்குள் வாடகைக் கார் வராது. ரோட்டிலேயே நின்றுகொண்டு ஹாரன் அடிப்பான். கேட்டால், "தெரு குறுகலுங்க, வண்டி திருப்ப முடியாது" என்பான். நெல் மூட்டையோடு டிராக்டரும் டிரெய்லரும் திரும்புகிற தெரு அது. என்ன குறுகல் என்று எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இடுப்பு வலி எடுத்த பெண்களைக் கைத்தாங்கலாக ரோடுவரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறோம். என் அம்மாவும் என்னைச் சுமந்துகொண்டு அப்படி நடந்தவள்தான்.

கார் வந்த பிறகு யாரும் நடக்கவில்லை. கும்பகோணத்துக்குப் பிரசவம், தஞ்சாவூருக்கு ஸ்கேன், திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் என்று எதுவானாலும் அப்பா வண்டி வாசற்படியில் வந்து நிற்கும். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு மடியில் ஒருவர் தோளில் ஒருவர் என்று அடைத்துக்கொண்டு போவார். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான். மாதா அதையெல்லாம் பார்ப்பதில்லை.

தெருவில் ஓர் ஏற்பாடு உண்டு. யாருக்காக வண்டி போகிறதோ அவர்கள் அந்தத் தூரத்துக்குப் பெட்ரோல் போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் யாரும் போட மாட்டார்கள், அப்பாவும் போட மாட்டார். அதனால் அந்தக் காரின் பெட்ரோல் முள் எப்போதும் கீழேயே குந்திக்கொண்டிருக்கும். அது நிமிர்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

3

அம்மா போன மறு வருஷம், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. பின் சீட்டில் ஆள் இருந்தார்கள். ஆடுதுறை ரோட்டில் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சாய்ந்தாராம். என் சித்தப்பா மகன் அன்பு போனில் சொன்னான். தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் இங்கே டியூட்டியில் யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு ஓடினேன். பெற்றவர்கள் வருஷக் கணக்கில் தங்கியிருக்கலாம் என்கிற விசா. அதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது: இத்தனை வருஷம் தங்க அனுமதி கேட்கிறவர் கட்டாயம் ஊருக்குத் திரும்பிப் போவார் என்றும் நிரூபிக்க வேண்டும். சொந்த நாட்டில் என்ன பிடிப்பு இருக்கிறது என்று கேட்பார்கள். ஒரு வீடு, மூன்று மா நிலம், ஒரு கார் என்று சொன்னேன். விசா வந்தது.

அறுவடை முடிந்த மாசியில் அப்பாவை அழைத்துவரப் போனேன்.

"எத்தனை மாசம் பாப்பா?" என்றார்.

"நீங்களே சொல்லுங்கப்பா."

"ஆறு மாசம். வேளாங்கண்ணிக் கொடிக்கு நான் இங்க இருக்கணும். வண்டி எடுக்கணும்ல."

"சரிப்பா" என்றேன். அவர் ஆசையை அவர் சொன்னார், நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? ஸ்டென்ட் வைத்த மனுஷனிடம் வாசலில் நின்று சண்டை போட்டிருக்க வேண்டுமா?

அப்புறம்தான் காரை நிறுத்தி வைக்கிற வேலை. டேவ் செய்வதை வருஷா வருஷம் வேலிக்கு மேலாகப் பார்த்ததில் எனக்கே அது பாடமாகியிருந்தது. அன்பு தண்ணீர் அடித்தான், நான் துடைத்தேன், அப்பா குறை சொன்னார். அறுவடை மெஷின் கிளப்பிய தூசி கதவு இடுக்கிலெல்லாம் அப்பியிருந்தது. மிதியடிகளை எடுத்து வெயிலில் போட்டோம். சீட்டுக்கு அடியிலிருந்து பொரி, கடலைத்தோல், மாதா கோயில் மெழுகுவர்த்தித் துண்டு, ஒரு பச்சைக் குழந்தையின் வசம்பு வளையல் எல்லாம் வந்தன. வளையலைப் பார்த்ததும் அப்பா, "இது எதிர்வீட்டு செல்வி புள்ளையோடது" என்று எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பேட்டரி வயரைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியைப் பெட்ரோல் பங்குக்கு எடுத்துப் போகச் சொன்னேன். அன்பு ஓட்டினான். அங்கே ஜன்னலை இறக்கி, "ஃபுல் பண்ணுங்க" என்றேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பெட்ரோல் போடுகிறவருக்கும் ஆச்சரியம். "என்னண்ணே, தூரப் பயணமா?"

"ஆமாம்ப்பா. பாப்பாவோட கனடா போயிட்டு வந்து நேரா வேளாங்கண்ணி!" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

விஷயம் என்னவென்றால், வண்டி ரொம்ப நாள் நிற்கப் போகிறது என்றால்தான் டேங்க்கை நிரப்ப வேண்டும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்று, காற்றில் ஈரம், ஈரத்தில் துரு. எங்கள் பக்கத்து மழைக்காலத்து ஈரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். எவ்வளவுக்கெவ்வளவு நாள் நிற்குமோ அவ்வளவுக்கவ்வளவு நிரம்பியிருக்க வேண்டும். எங்கள் தெருவிலோ நிறையப் பெட்ரோல் என்றால் ஒரே அர்த்தம்தான்: தூரப் பயணம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பா கழுத்தை எக்கி, முள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடேங்கப்பா, உச்சிக்குப் போயிடுச்சுடா அன்பு!" நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அச்சுக்குக் கீழே பனங்கட்டைகளைக் கொடுத்து நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கினோம். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டோம். புகைக்குழாய் வாயில் கம்பி வலை கட்டினோம். அறுவடை ஆன வயலிலிருந்து எலியெல்லாம் வீட்டுப் பக்கம்தான் வரும். பானெட்டுக்குள் அந்துருண்டை போடலாம் என்றேன் நான். புகையிலைதான் என்றார் அப்பா. "அந்துருண்டையை எலி தின்னுட்டுப் பல்லுக் குத்திட்டுப் போவும்" என்றார். கடைசியில் ரெண்டும் போட்டோம். பழைய பருத்திப் போர்வைகளைத் தைத்து மேலே மூடினோம்.

அதற்குள் தெரு முழுக்கச் செய்தி. "பாப்பா ஃபுல் டேங்க் போட்டுருக்கு. அப்பறம் என்ன, கொடிக்கு வந்துடுவாங்க." செல்வி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பேக்கா. அவரை எங்க அங்கயே வச்சுக்குவியோன்னு பயந்துட்டோம்" என்றாள். நான் அவள் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

4

இங்கே விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி, ஓர் அம்மாள், அப்பாவையே நேராகப் பார்த்து, எவ்வளவு நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"சிக்ஸ் மந்த்ஸ். ஃபுல் டேங்க் ரெடி."

அதிகாரி பாஸ்போர்ட்டைக் கீழே வைத்தார். "என்ன டேங்க்?"

"மை டேங்க்" என்றார் அப்பா, நெஞ்சில் தட்டி. "ஃபுல்."

கேட்க வேண்டுமா? ஓரமாக ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். காவிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பனங்கட்டை மேல் நிற்கிற ஒரு காரைப் பற்றி நான் ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மாள் ஒருவழியாகச் சிரித்து, "ஆக, இவர் ஊருக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறார்" என்றார்.

"ஆமாம்."

"நல்லது. திரும்பிப் போக நினைப்பவர்களை உள்ளே விடத்தான் எங்களுக்குப் பிடிக்கும்" என்று முத்திரை குத்தினார்.

இவர் திரும்பிப் போவார் என்று ஓர் அரசாங்கத்தையே நம்ப வைத்துவிட்டேன். அப்பாவையும் தெருவையும் நம்ப வைத்துவிட்டேன். நம்பாதவள் நான் ஒருத்திதான்.

5

அப்பாவுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வது? நேரத்துக்கு மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, மாசத்துக்கு ஒரு டாக்டர். சோற்றைப் பார்த்து, "அரிசி வெள்ளையாத்தான் இருக்கு, ஆனா அரிசி மாதிரி இல்ல" என்பார். சாப்பிட்டுவிடுவார்.

கார்ச்சாவி எப்போதும் சட்டைப் பையில். காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் நின்று அதன் பொத்தானை ஒருமுறை அழுத்துவார். ஊரில் வண்டி பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். இங்கே எந்த வண்டியும் பதில் சொல்லாது. என் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். "என்னா பாப்பா, ரோட்டுல ஒரு ஆடு இல்ல, மாடு இல்ல, எதுக்கு இப்புடிப் பயந்து ஓட்டுற?"

யாழினிக்குப் பதின்மூன்று வயசு. தமிழ் வகுப்பை அவளே நிறுத்திக்கொண்டாள். சனிக்கிழமை அவளுக்குக் கூடைப்பந்து. தாத்தா கூப்பிட்டால், "இதோ நான் வருது" என்பாள்.

"வருதுன்னா மாடு, யாழு. நீ வரேன்னு சொல்லணும்."

"சாரி தாத்தா. நான் வரேன், மாடு வருது."

இருவருக்கும் சிரிப்பு. அதற்கு மேல் அவளிடம் வார்த்தை இருக்காது, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அப்பா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். நான் வேலைக்குப் போயிருப்பேன், என் கணவரும் வேலைக்குப் போயிருப்பார். அந்த வீட்டின் அமைதியில் அவர் பகலெல்லாம் என்ன செய்தார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

ஆவணி நெருங்கியதும் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துணியை அடுக்கினார். டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறார் என்றேன். யாழினிக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது என்றேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். அது எதுவும் பொய் இல்லை, எதுவும் காரணமும் இல்லை. கொடியேற்றத்தன்று அன்பு வேளாங்கண்ணியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான், பஸ்ஸில் போயிருந்தார்கள். அப்பா போனைத் தூரமாகப் பிடித்துக் கும்பிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியிலிருந்த துணியை அவரே எடுத்து அலமாரியில் வைத்தார்.

6

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. டேவ் தன் சிவப்புக் காரைக் கொட்டகைக்குள் விடுவதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று வரலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க யாழினியும் ஏறிக்கொண்டாள். குளிரில் கூரையைத் திறந்துவிட்டு, என் குல்லாயை மாட்டிக்கொண்டு அப்பா போன காட்சியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் டேவ் வேலையை ஆரம்பித்தார். அப்பா கூடமாட நின்று துணி பிடித்தார். என்ன ஒரு உற்சாகம்! பேட்டரி வயரை டேவ் கழற்றினால், "கரெக்ட், கரெக்ட்" என்கிறார். அப்புறம் யாழினியிடம் கேட்டார்: "யாழு, பங்க்ல ஃபுல் டேங்க் போட்டாரே, எந்த ஊருக்குப் பயணம்னு கேளு."

அவள் கேட்டாள். டேவ் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார். எனக்கு அங்கிருந்தே காதில் விழுந்தது. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தவா முடியும்?

"தாத்தா, இது எங்கயும் போகாது" என்றாள் யாழினி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்து. "எங்கயும் போகாததுனாலதான் ஃபுல். ரொம்ப நாள் நிக்கும்ல? அதான்."

அவள் பிழையில்லாமல் பேசிய தமிழ் அதுதான். சரியாகச் சொன்னோமா என்று என்னைப் பார்த்தாள், பாராட்டுவேன் என்று. அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். நான் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

டேவின் கார் மேல் துணி போர்த்தி முடிகிறவரை அப்பா கூட நின்றார். பாதி வேலையில் விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. அப்புறம் வந்து என் எதிரில் நின்றார்.

"டேவு எப்ப எடுப்பாரு பாப்பா?"

"பனி உருகினதும்ப்பா. ஒரு ஆறு மாசத்துல."

"ம். அவருது ஆறு மாசத்துல எடுத்துடுவாரு. நம்மளது?"

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும், அது என் சாபக்கேடு. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "உங்களை அங்க தனியா விட்டுட்டு நான் எப்புடிப்பா இங்க நிம்மதியா இருப்பேன்? ரோட்டோரத்துல சாஞ்சு கெடந்தீங்களே, மறுபடி அப்புடி ஒண்ணு ஆனா யாரு இருக்கா உங்களுக்கு?"

"யாரு இருக்காவா? அன்னைக்கு என்னைத் தூக்கிட்டு ஓடுனது யாரு? நீயா வந்து தூக்குன?"

"அதைத்தாம்ப்பா சொல்றேன். நான் இல்லையே அங்க!"

அப்பா குல்லாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை. "உன் நிம்மதிக்கு என்னையத் துணி போர்த்தி நிறுத்தி வச்சிருக்கியா பாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

7

அதற்குப் பிறகு காலையில் ஜன்னலோரம் நின்று சாவியை அழுத்துவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், போட்டதைச் சாப்பிடுவார். சண்டை போட்டாலாவது தேவலை என்றிருந்தது. யாழினி என்னிடம் வந்து, "நான் தப்பா ட்ரான்ஸ்லேட் பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்டாள். இல்லடி, ரொம்பச் சரியாப் பண்ணிட்டே என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டுக்கே வந்து உட்கார்ந்து அன்புவை வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அந்தி நேரம்.

"அன்பு, வண்டியைக் கீழ இறக்குடா."

"பெரியப்பா, அக்கா தொடக் கூடாதுன்னு..."

"வண்டி என்னுது. இறக்கு."

தெருவே கூடிவிட்டது. போர்வையை எடுத்தார்கள், கட்டைகளை உருவினார்கள். பேட்டரி வயரை மாட்டி, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியைத் திருகினான் அன்பு; பேட்டரி செத்திருந்தது. "டிராக்டரைக் கொண்டாந்து பக்கத்துல நிப்பாட்டி வயரு குடு" என்றார் அப்பா. "சேப்பு வயரு சேப்புல! அவசரப்படாத, பொறி பறக்கும்." வலையை அவிழ்த்தார்கள். எலி ஒரு வயரையும் தொட்டிருக்கவில்லை. "பாத்தியா, புகையிலை!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பேச்சு வார்த்தை இல்லாத அத்தனை நாளுக்கும் பிறகு அவராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "அந்துருண்டை" என்றேன் நான். வண்டி ரெண்டு முறை இருமிவிட்டு உறுமியது. தெருவில் எழுந்த கூச்சலில் போன் அதிர்ந்தது.

சத்தம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு அப்பா சொன்னார்: "இனிமே நீ ஓட்டு அன்பு. யாருக்கு என்ன அவசரம்னாலும் எடு. நான் அங்க வந்தாலும் இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன், பக்கத்துல உக்காந்து வரேன். அது பாப்பாவுக்கு நான் குடுக்குற வாக்கு. ஆனா ஒண்ணு. அதுல இருக்குற பெட்ரோலு பாப்பா போட்டது. தூரப் பயணத்துக்குன்னு நான் நெனைச்சுக்கிட்டது. அது தீர்றதுக்குள்ள நான் ஊருக்கு வந்துடுவேன்."

போனில் அன்புவிடம்தான் சொன்னார். தோசை கருகியது என் அடுப்பில்.

8

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே கேள்விதான். "முள்ளு எங்க நிக்குது?"

கும்பகோணத்துக்கு ஒரு பிரசவம். பெண் குழந்தை, முள் கொஞ்சம் இறங்கியது. அடைமழையில் யாருக்கோ பாம்புக் கடி, தஞ்சாவூர் போய் உயிரோடு திரும்பியாயிற்று. முள் பாதிக்கு வந்தது. திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். பொங்கலுக்கு ஒரு புதுமணத் தம்பதியைக் கூட்டி வந்தது. ஒவ்வொன்றையும் கேட்டு அப்பாவின் முகம் தெளிந்தது. ஜன்னலோரம் சாவியை அழுத்துவது திரும்ப வந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை, டிக்கெட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னை வதைத்தது.

இதய டாக்டர் தாராளமாகப் பயணம் போகலாம் என்று சொல்லிவிட்டார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. என் பயத்துக்கு எந்த டெஸ்ட்டிலும் மருந்து இல்லை. போன் மணி அடிக்கும், அன்பு பேசுவான், நான் ஓர் உலகம் தள்ளி நிற்பேன். அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. மறுபடி என்னால் முடியாது. இதை நான் சொல்லிவிட்டால் அப்பா சரி, இருக்கிறேன் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர். சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நேற்று டியூட்டி இடைவேளையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அன்புவிடம் சொல்லிக் கமுக்கமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டே வந்தால் என்ன? முள் இறங்காது. இந்த வருஷமும் ஓடும், அடுத்த வருஷமும் ஓடும். அப்பாவும் நம்பிக்கையோடு இருப்பார், நானும் நிம்மதியாக இருப்பேன். பணத்தை நான் அனுப்பிவிட்டால் போகிறது. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"அன்பு, வண்டி எப்படிடா ஓடுது?"

"அதை ஏன்க்கா கேக்குற? மொதல்ல வண்டியில சும்மா யாரும் ஏற மாட்டேன்னாங்க."

"ஏன்டா?"

"பெட்ரோல் செலவாயிடுச்சுன்னா பெரியப்பா கொடிக்குப் போக வேணுமேன்னு பயந்தாங்க. அப்பறம் பெரியப்பா சொன்னது எல்லாருக்கும் வெளங்கிடுச்சு. இப்ப தலைகீழா ஆயிடுச்சு. சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாடா அன்புங்குறாங்க. நேத்து செல்வி, புள்ளைக்குக் காது குத்தப் பத்திரிகை வைக்கணும்னு ஊரு ஊராக் கூட்டிட்டுப் போயிடுச்சு. பஸ்ஸுல போயிருக்கலாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பங்க்ல போனா கை பரபரன்னு வருதுக்கா. பழக்கம்ல. ஏறுறவங்க பெட்ரோல் போடுறதுதானே நம்ம ஏற்பாடு. ஆனா ஒருத்தரும் ஒரு சொட்டுப் போடக் கூடாதுன்னு தெருவுல பேசி வச்சிருக்காங்க. போட்டுட்டா பெரியப்பா எப்படி வருவாரு?"

பிரேக் ரூம் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, நீ எதுக்குக்கா கூப்புட்ட?"

"ஒண்ணுமில்லடா. முள்ளு எங்க நிக்குதுன்னு கேக்கத்தான்."

"கடைசிக் கோட்டுக்கு வந்துடுச்சு. காலையிலேருந்து மஞ்ச லைட்டு எரியுது. பெரியப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல" என்றான் அன்பு. "நீயே சொல்லிடுக்கா."